லெவலர்ஸ், டிக்கர்ஸ்: இங்கிலாந்தின் நாட்டுப்புற ராக் பாடல்களில் வரும் இந்த இருவரும் ஒரே கூட்டமா?

இல்லை. லெவலர்ஸ் ('சமன்செய்வோர்'), டிக்கர்ஸ் ('தோண்டுவோர்') இரண்டும் 1640களில், இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க் காலத்தில் எழுந்த தனித்தனி இயக்கங்கள். குழப்பத்துக்குப் பாடல்கள் மட்டும் காரணமில்லை. டிக்கர்ஸே தங்களை 'உண்மையான லெவலர்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள்.

லெவலர்ஸ் கேட்டது ஓட்டுரிமை, மதச் சுதந்திரம், சட்டத்தின் முன் சமத்துவம். 1647இல் லண்டன் அருகே பட்னி தேவாலயத்தில், நாடாளுமன்றப் படைத்தலைவர்களில் ஒருவரான கிராம்வெல்லின் தளபதிகளோடு வாதாடினார்கள். சொத்தைப் பொதுவாக்கும் எண்ணமே கிடையாது என்று அடித்துச் சொன்னவர்கள் இவர்கள். 1649 மே மாதம் பர்ஃபோர்ட் என்ற ஊரில் இவர்கள் பக்கம் சாய்ந்த கலகப் படைவீரர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதோடு வேகம் அடங்கியது.

டிக்கர்ஸ் ஒரு படி மேலே போனவர்கள். 1649 ஏப்ரலில் ஜெரார்ட் வின்ஸ்டான்லியும் சிலரும் சர்ரேயின் செயின்ட் ஜார்ஜ் குன்றுப் புறம்போக்கைக் கொத்தி கேரட், பீன்ஸ் விதைத்தார்கள். நிலம் எல்லோருக்கும் பொது என்பது வாதம். அடி, வழக்கு, பயிர் அழிப்பு. பக்கத்து ஊரான காபமுக்கு (Cobham) இடம் மாறியும் 1650 வசந்தத்தில் குடிசைகளைக் கொளுத்தித் துரத்திவிட்டார்கள்.

பாடலாசிரியர் லியோன் ராசல்சன் 1975இல் வெளியிட்டு, பாடகர் பில்லி பிராக் 1985இல் பரப்பிய 'தலைகீழாய்ப் புரண்ட உலகம்' பாடல் டிக்கர்ஸைப் பற்றியது. 1640களில் இதே பெயரில் வந்த தெருப்பாட்டு வேறு: கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை ஒடுக்கிய நாடாளுமன்றத்தைத் திட்டுவது, அதாவது மன்னர் பக்கத்து எதிர் முகாம்! இணையத்தில் தேடும்போது பலர் வழுக்குவது இங்கேதான்.

1988இல் பிரைட்டனில் தொடங்கிய லெவலர்ஸ் இசைக்குழுவின் பெயர் முதல் கூட்டத்துடையது. ஆனால் 1991இல் வந்த இசைத்தொகுப்பின் தலைப்பு 'நிலத்தைச் சமன்செய்தல்'. அது என்னவோ டிக்கர்ஸுக்குத்தான் பொருத்தம்.