‘டேக் ஆஃப்’: கழற்றுவதா, கிளம்புவதா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “புதிய திட்டம் ஒன்றைப் பற்றி, ‘தி ப்ராஜெக்ட் ஹேஸ் டேக்கன் ஆஃப்’ என்று மேலாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். திட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று எண்ணி, அதற்கான வேலையை நிறுத்திவிட்டேன். அவர் சொன்னது நல்ல செய்தி என்று பிறகுதான் தெரிந்தது. இதை எப்படிப் பிரித்தறிவது?”

நீங்கள் நினைத்த பொருளில் அவர் எழுதியிருந்தால், ‘ஹேஸ் பீன் டேக்கன் ஆஃப்’ என்று நடுவே ஒரு ‘பீன்’ வந்திருக்கும். அது செயப்பாட்டு வினை. பட்டியலிலிருந்தோ அட்டவணையிலிருந்தோ யாரோ அதை நீக்கினார்கள் என்று பொருள். ‘பீன்’ இல்லையென்றால் திட்டம் தானாகவே மேலெழும்பிவிட்டது, அதாவது சூடுபிடித்துவிட்டது என்று பொருள்.

இந்த இடத்தில் நம்மைத் தடுமாற வைப்பது நம் தமிழ்ப் பழக்கமே என்று நினைக்கிறேன். தானாகக் கழல்வதற்குக் ‘கழல்’ என்றும், பிறர் அகற்றுவதற்குக் ‘கழற்று’ என்றும் தமிழில் வினையே உருமாறி நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டேக் ஆஃப்’ இரண்டுக்கும் ஒரே உருவத்தில் நிற்பதால், செயப்படுபொருள் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ‘ஹி டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ்’ என்றால் காலணியைக் கழற்றினான். ‘ஹி டுக் ஆஃப்’ என்று அதோடு நின்றுவிட்டால், ஆளே கழன்றுகொண்டான்.

அகராதிகள் இதற்குப் பல பொருள்களை எண்ணிட்டு அடுக்கும். அவற்றை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. ‘ஆஃப்’ என்பது ஒட்டியிருந்த பரப்பை விட்டு விலகுவது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால், உடலை விட்டு விலகும் சட்டை, ஓடுபாதையை விட்டு எழும் விமானம், வேலையை விட்டு விலகி எடுக்கும் இரண்டு நாள் விடுப்பு (‘டேக் டூ டேஸ் ஆஃப்’) எல்லாம் ஒரே நூலில் கோக்கப்படும். நீளம் தாண்டுதலில் பாய்வதற்கு முன் மிதிக்கும் 20 செ.மீ. அகலப் பலகைக்கும் ‘டேக்-ஆஃப் போர்டு’ என்றே பெயர். செங்குத்தாக எழும் ராக்கெட்டுக்கு மட்டும் ‘லிஃப்ட் ஆஃப்’ என்ற சொல்லே அதிகம் வழங்குகிறது.

உருவகப் பொருள் விமானத்தோடு நெருக்கமானது. தரையில் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று எழுவதைப் போல, மந்தமாக இருந்த விற்பனையோ ஒருவரின் தொழில் வாழ்க்கையோ திடீரென வேகம் பிடிப்பதையே இது குறிக்கும். ஆண்டுக்காண்டு சீராக வளரும் ஒன்றுக்கு இது பொருந்தாது. பொருளாதார அறிஞர் வால்ட் ரோஸ்டோ, தேக்கத்திலிருந்த ஒரு நாடு தன் வேகத்திலேயே தொடரும் வளர்ச்சிக்குள் நுழையும் கட்டத்தை 1950களில் ‘டேக்-ஆஃப்’ என்றே அழைத்தார்.

எழுதும்போது ஒரு விதியை மறக்க வேண்டாம்: கழற்றும் பொருளில் பெயர்ச்சொல் ‘ஆஃப்’புக்கு முன்னும் பின்னும் வரலாம், ஆனால் ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர்கள் நடுவில்தான் நிற்கும். ‘டேக் இட் ஆஃப்’ சரி, ‘டேக் ஆஃப் இட்’ பிழை.

மேலாளர் மாலையில் சீக்கிரம் வீட்டுக்குப் போனதைச் சொல்ல ‘ஹி டுக் ஆஃப்’ என்று எழுதிவிடாதீர்கள். அதில் பேச்சுவழக்கின் தொனியும், அவசரமாக நழுவினார் என்ற சாயலும் உண்டு. ‘ஹி லெஃப்ட்’ என்பதே போதும்.