கடலில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு ஏன் உடனே காற்றுக்குத் திரும்புவதில்லை?

நீரோட்டங்கள் இந்த வாயுவை எப்படிச் சுமந்துபோய்ச் சேமிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். விடை தண்ணீரின் குளிர்ச்சியிலும் கனத்திலும் இருக்கிறது.

சோடா பாட்டிலை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் வாயு உள்ளேயே கிடக்கும். சூடானால் சீக்கிரம் வெளியேறிவிடும். கடலும் அப்படித்தான். மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து வரும் வளைகுடா நீரோட்டம் (Gulf Stream) வெதுவெதுப்பான நீரை அட்லாண்டிக்கின் வடக்குப் பக்கம் கொண்டுபோகிறது. அந்த நீர் குளிரக் குளிர, காற்றிலிருந்து கூடுதல் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொள்கிறது. கிரீன்லாந்துக்கு அருகிலும், அதற்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள லாப்ரடார் கடலிலும் அது நன்றாகக் குளிர்ந்துவிடுகிறது. உப்பும் மிகுந்திருப்பதால் கனத்து, கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்குகிறது. வாங்கிய வாயுவும் கூடவே போகிறது.

அப்புறம் ஆழத்தில் தெற்கு நோக்கி மெல்ல ஊர்ந்து, மற்றப் பெருங்கடல்களுக்கும் பரவுகிறது. இந்தப் பயணத்தின் நிதானம்தான் என்னை எப்போதும் வியக்க வைக்கும். வட பசிபிக்கின் ஆழத்தில் இன்று கிடக்கும் நீர் காற்றைக் கடைசியாகத் தொட்டு ஏறக்குறைய 1000 ஆண்டுகள் ஆகின்றன!

சரி, வாயு வாயுவாகவே இருக்கிறதா? பெரும்பகுதி இல்லை. நீரோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக, அதாவது நீரில் கரைந்தே இருக்கும், வாயு அல்லாத ஒரு கார்பன் வடிவமாக மாறிவிடுகிறது. அதனால்தான் வளிமண்டலத்தில் உள்ளதைப் போல் சுமார் 50 மடங்கு கார்பனைக் கடலால் வைத்திருக்க முடிகிறது. இறந்த மிதவை உயிரிகளும் கொஞ்சம் கார்பனைக் கீழே இறக்குகின்றன.

அண்டார்டிகாவைச் சுற்றிய தென்கடலில் பழைய ஆழ்நீர் மேலே வருகிறது, தன்னிடமுள்ள கார்பனில் கொஞ்சத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. இருந்தாலும் மொத்தத்தில், மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. ஆனால் கிரீன்லாந்துப் பனி உருகி நன்னீர் கலந்தால் மேல்நீர் கனம் குறையும், இறங்குவதும் தளரும்.