டிஸ்சார்ஜுக்குப் பிறகு நூறாவது நாள் வரைக்கும் பணம் எங்கே?

கேள்வி: எங்கள் 6 வயது மகனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். 9 வயது மகளின் எலும்பு மஜ்ஜை முழுமையாகப் பொருந்துவதால், வேலூரில் மாற்று சிகிச்சை செய்யவிருக்கிறோம். மதிப்பீடு 14 லட்சம் ரூபாய். கணவருக்கு ஓசூரில் தனியார் நிறுவன வேலை, சம்பளம் 42,000. நான் பள்ளி ஆசிரியை, 15,000. வைப்புத்தொகை 6 லட்சம், நகை 22 பவுன், கணவரின் நிறுவனக் குழுக் காப்பீடு 3 லட்சம், மகளின் செல்வமகள் கணக்கில் 2 லட்சம். மாமனார் நிலத்தை விற்கலாம் என்கிறார். கணவரோ வேலையை விட்டுவிட்டு மகனோடு இருக்க நினைக்கிறார். எது சரி?

பதில்: நீங்கள் போட்ட செலவுக் கணக்கில் சிகிச்சைக்கான 14 லட்சம் இருக்கிறது, வேலூரில் தங்கும் வீட்டு வாடகை இல்லை. மாற்று சிகிச்சை முடிந்து வார்டை விட்டு வெளியே வந்த பிறகும், மஜ்ஜை ஏற்றிய நாளிலிருந்து ஏறக்குறைய நூறாவது நாள் வரை மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். அந்த நாட்களின் செலவுக்கு ரசீது கூட ஒழுங்காக இருக்காது. சமையலறையோடு தனி வீடு வேண்டும். ஓட்டல் சாப்பாடு கூடாது. குடிக்கக் கொதித்து ஆறிய நீர், அப்போதே சமைத்த உணவு, தினமும் துவைத்த துணி. பஸ் கூட்டம் ஆகாது என்பதால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆட்டோ. நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து இரண்டு வேளை; அதன் அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மருந்து ஏற்ற நெஞ்சில் பொருத்திய குழாய்க்குக் கட்டு மாற்றும் பொருட்கள் தனி. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் ஓட வேண்டும், திரும்ப அட்மிட் ஆகவும் நேரலாம். வைப்புத்தொகையில் 3 லட்சத்தை இதற்கென்று ஒதுக்கி, இப்போதே உடைத்து, உங்கள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வேலூரில் இருக்கப்போவது நீங்கள். ஓசூரிலிருந்து கணவர் அனுப்பட்டும் என்று காத்திருக்கும் நிலை வேண்டாம்.

14 லட்சத்துக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு, கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 2017 முதல் நடக்கும் தலசீமியா பால் சேவா யோஜனா. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தும் குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை, நேரடியாக மருத்துவமனைக்கே தருகிறார்கள். ஆண்டுக் குடும்ப வருமான வரம்பு 8 லட்சம், உங்களுடையது 6.84 லட்சம்தான். சிகிச்சைக்கு முன்பே, மருத்துவமனை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரை இந்த வாரமே பாருங்கள். இது கிடைத்தால் மீதி 4 லட்சம். குழுக் காப்பீடு அதில் பெரும்பகுதியைத் தாங்கும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா, தானம் தரும் மகளின் செலவு சேருமா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால் அறைக் கட்டணம் மட்டுமல்ல, மற்ற கட்டணங்களையும் விகிதப்படி வெட்டுவார்கள்.

கணவர் வேலையை விடவே கூடாது. வேலை போனால் அந்தக் காப்பீடும் கூடவே போகும். தலசீமியா உள்ள குழந்தைக்குப் புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். பிள்ளையோடு இருக்க வேண்டியவர் நீங்கள் என்று சொல்வதற்குக் காரணம் தாய் என்பதல்ல, 15,000 என்பதுதான். நீங்களும் ராஜினாமா கடிதம் கொடுக்காமல், ஊதியமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள்.

நிலத்தை இப்போது விற்காதீர்கள். அவசரம் தெரிந்தால் வாங்குபவர் விலையை அடித்துப் பேசுவார். பற்றாக்குறை வந்தால் வங்கியில் பாதி நகையை அடகு வையுங்கள்.

வருமான வரியில் தலசீமியா சிகிச்சைக்கு 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், பழைய வரி முறையில். ஆனால் இந்தச் சம்பளத்துக்கு எந்த முறையிலும் உங்களுக்கு வரியே வராது. அதற்காகப் படிவம் தேடி அலையாதீர்கள். அந்த நேரத்தில் ரயில் சலுகைக்கான சான்றிதழை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். தலசீமியா நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதம் குறையும். ஊர் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் வேலூருக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

செல்வமகள் கணக்கைப் பற்றி: கணக்கின் உரிமையாளரான பெண்ணுக்கே உயிருக்கு ஆபத்தான நோய் என்றால்தான் சிகிச்சைக்காக முன்கூட்டியே முடிக்க முடியும், தம்பியின் நோய்க்கு விதி இடம் தராது. தந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவள் ஏற்கெனவே மஜ்ஜையைக் கொடுக்கிறாள்.