கார்னெகி கட்டிய நூலகமும் ஒரு நாள் விடுமுறையும்

கேள்வி: சென்ற இதழில் ஆண்ட்ரூ கார்னெகியை ‘கொள்ளைக்காரப் பிரபு’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வாரம் ஒன்றேகால் டாலர்கூட இல்லாத கூலிக்கு வேலை பார்த்த பையன், தன் உழைப்பால் அமெரிக்காவின் எஃகு ராஜாவாகி, உலகம் முழுக்க 2,509 நூலகங்கள் கட்டக் காசு கொடுத்தார். அந்த மனிதருக்கு இதுதான் மரியாதையா? எழுதியதைத் திரும்பப் பெறுவீர்களா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கணக்கு சரிதான். கூலியையும் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள்: வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட். பிட்ஸ்பர்க்கை ஒட்டிய அலெகெனியில், ஒரு பஞ்சாலையில் நூல்கண்டு மாற்றும் வேலை. அவருடைய அப்பா ஸ்காட்லாந்தில் கைத்தறி நெசவாளர். நீராவித் தறி வந்து அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டதால்தான் 1848-இல் குடும்பத்தோடு கப்பல் ஏறினார்கள். இயந்திரம் ஒரு தொழிலாளி வீட்டை என்ன செய்யும் என்பதைப் பன்னிரண்டு வயதிலேயே பார்த்தவர் கார்னெகி. பார்க்காதவர் செய்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன்.

நூலகத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் ஊர்ப்புற நூலகம் இல்லாவிட்டால் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கார்னெகிக்கும் அப்படி ஒரு கடன் இருந்தது. ஆண்டர்சன் என்ற ஓய்வுபெற்ற கர்னல், தன் வீட்டிலிருந்த சுமார் 400 புத்தகங்களை வேலைக்குப் போகும் பையன்களுக்குச் சனிக்கிழமைகளில் இரவல் கொடுத்தார். அதில் படித்து வளர்ந்ததை கார்னெகி கடைசிவரை மறக்கவில்லை. சனிக்கிழமை எடுத்து வந்த புத்தகத்தைப் புரட்ட அந்தப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது என்பதைத்தான் மறந்துவிட்டார்.

அவருடைய ஆலையில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? பிராடாக்கில் இருந்த அவருடைய தண்டவாள ஆலையில் பில் ஜோன்ஸ் என்று ஒரு மேலாளர் இருந்தார். பன்னிரண்டு மணி நேரம் உலையருகே நின்றவனிடம் வேலை வாங்க முடியாது, எட்டு மணி நேரம் போதும் என்று முதலாளியிடம் வாதாடி நடத்தியும் காட்டினார். உற்பத்தி ஒன்றும் படுத்துவிடவில்லை. ஆனால் போட்டி ஆலைகளில் பன்னிரண்டு மணி நேரம். கணக்குப் புத்தகம் உறுத்தியது. 1888-இல் ஆலையை மூடி, தொழிலாளர்களைப் பணியவைத்து, மறுபடி பன்னிரண்டு மணி நேரம் கொண்டுவந்தார் கார்னெகி. அடுத்த ஆண்டே அதே ஊரில், அமெரிக்காவில் அவர் கட்டிய முதல் நூலகத்தைத் திறந்துவைத்தார். அடித்தளத்தில் தொழிலாளர்களுக்குக் குளியலறைகூட உண்டு. அதே 1889-இல் உலை வெடித்து ஜோன்ஸ் செத்துப்போனார்.

பன்னிரண்டு மணி நேர வேலையில் இன்னொரு கொடுமை உண்டு. உலை அணையக் கூடாது. ஆகவே பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறும். மாறும் ஞாயிறன்று ஒரு குழு 24 மணி நேரம் ஒரே மூச்சாக நிற்கும். அதற்குப் பதிலாக அடுத்த முறை ஒரு முழு நாள் லீவு. ‘பசுவைக் கொன்று செருப்புத் தானம்’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். அதுகூட இங்கே முழுசாகப் பொருந்தாது. தானமாக வந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கவாவது செய்யலாம். இருபத்து நான்கு மணி நேரம் உலைமுன் நின்று வீட்டுக்குப் போகிறவன், வழியில் நூலகத்தில் நுழைந்து எந்தப் புத்தகத்தை எடுப்பான்?

இனி ஹோம்ஸ்டெட். பிட்ஸ்பர்க் பக்கத்தில் கார்னெகியின் இன்னொரு எஃகு ஆலை இருந்த ஊர். 1892. அங்கே 3,800 பேர் வேலை செய்தார்கள். தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் கைத்திறன் உள்ள சுமார் 800 பேர் மட்டும்தான். அவர்களுடைய கூலி எஃகு விலையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். ஆனால் விலை எவ்வளவு விழுந்தாலும் டன்னுக்கு 25 டாலர் என்று வைத்துத்தான் கூலி கணக்கிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை 22 ஆக்கச் சொன்னார் கார்னெகியின் கூட்டாளி ஹென்றி ஃபிரிக். ஒப்பந்தம் முடியும் தேதியையும் ஜூன் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசிக்கு மாற்றச் சொன்னார். எனக்கு அந்த மூன்று டாலரைவிட இந்தத் தேதிதான் உறுத்துகிறது. பென்சில்வேனியாவின் நடுக்குளிரில், அடுப்புக்குக் கரியில்லாமல் எந்தக் குடும்பம் வேலைநிறுத்தம் செய்யும்? அதைக் கணக்குப் போட்டே கேட்டார்கள்.

சங்கம் ஒப்பவில்லை. ஆலையைச் சுற்றி முள்கம்பி வைத்து உயர்ந்த வேலி எழும்பியது. துப்பாக்கி நீட்ட வசதியாக ஓட்டைகள் வேறு. ஊர்க்காரர்கள் அதற்கு ‘ஃபிரிக் கோட்டை’ என்று பெயர் வைத்தார்கள். ஜூலை 6 விடியுமுன், பிங்கர்டன் நிறுவனத்தின் 300 கூலிக் காவலர்களை இரண்டு தோணிகளில் ஏற்றி மோனோங்கஹீலா ஆற்றில் கொண்டுவந்தார்கள். கரையில் ஊரே திரண்டு நின்றது. பகல் முழுக்கச் சண்டை. இரு தரப்பிலுமாகக் குறைந்தது 10 பேர் செத்தார்கள். காவலர்கள் சரணடைந்தார்கள், தோணிகள் எரிந்தன. சில நாளில் மாநில ஆளுநர் சுமார் 8,500 துருப்புகளை அனுப்பி ஊரைப் பிடித்தார். நவம்பரில் சங்கம் முறிந்தது.

கார்னெகி எங்கே? ஸ்காட்லாந்தில், கோடை விடுமுறையில். ‘அவருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் ஃபிரிக் செய்த வேலை’ என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. ஆலையில் இனிச் சங்கம் கிடையாது என்ற அறிவிப்பின் வரைவை, ஊரைவிட்டுக் கிளம்புமுன்பே எழுதிக்கொடுத்தவர் அவர்தான். அதற்கு ஆறு ஆண்டு முன்புதான் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், அடுத்தவன் வேலையைப் பறிக்கக் கூடாது என்பது நல்ல தொழிலாளர்களின் எழுதாத சட்டம் என்று எழுதியிருந்தார். ஹோம்ஸ்டெட்டில் அடுத்தவன் வேலையில் ஆள் வைத்தது அவருடைய கம்பெனியே.

தன் உழைப்பால் என்றீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. அவர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. எஃகை மலிவாக, வேகமாகத் தயாரிக்கும் பெஸ்ஸமர் உலையின் அருமை தெரிந்தவர், ஒவ்வொரு சென்ட்டையும் எண்ணத் தெரிந்தவர். ஆனால் வெளிநாட்டுத் தண்டவாளத்துக்கு டன்னுக்கு 28 டாலர் வரி போட்டு 1870-இல் காவல் நின்றது அமெரிக்க அரசாங்கம். தண்டவாளம் வாங்கிய ரயில் கம்பெனிகளுக்கு அதே அரசாங்கம் கொடுத்த நிலம் 13 கோடி ஏக்கர் பக்கம். அப்புறம், பழைய இரும்பு வேலையில் பதம் தெரிந்தவன் சொன்னதுதான் சட்டம். உலையைக் கிளறுகிறவன் கண்ணால் பார்த்தே இரும்பு பழுத்துவிட்டதா என்று சொல்வான். புதிய உலைகள் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் செய்தன. நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய ஸ்லோவாக்கியனைக்கூட நிறுத்தி வேலை வாங்க முடிந்தது. ஹோம்ஸ்டெட் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் புலம்பெயர்ந்தவர்கள், சங்கம் தங்களைச் சேர்த்துக்கொள்ளாதபோதும், அந்தக் கோடையில் சங்கத்தோடுதான் நின்றார்கள்.

1901-இல் கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றுவிட்டு முழுநேர வள்ளலானார். எஃகு ஆலைகளுக்கு எட்டு மணி நேர வேலை வந்தது 1923-இல்தான். அதற்கு நான்கு ஆண்டு முன்பே அவர் இறந்துவிட்டார்.

எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன். நீங்கள் இவ்வளவு சொன்ன பிறகு, ‘கொள்ளைக்கார’ என்பதற்கு முன்னால் ‘நன்கு படித்த’ என்று சேர்த்துக்கொள்ளச் சம்மதம்.