கெர்னலில் பைட் வரிசைப் பிழை: கேள்வி பதில்

கேள்வி: நான் எழுதிய லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. ஐபிஎம்மின் எஸ்390 மெயின்ஃப்ரேம் இயந்திரத்தில் மட்டும் 64 பைட் பாக்கெட்டை 16384 பைட் என்கிறது. ஏன்?

பதில்: 64 என்பது ஹெக்ஸில் 0040. இரண்டு பைட்டும் இடம் மாறினால் 4000, அதாவது 16384. உங்கள் கார்டு நீளத்தை லிட்டில் எண்டியனில், அதாவது சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்படி எழுதுகிறது. உங்கள் லேப்டாப்பின் எக்ஸ்86 சிப்பும் லிட்டில் எண்டியன்தான், அதனால் அங்கே பிழை தெரியவில்லை. எஸ்390 பிக் எண்டியன், அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதலில்.

கேள்வி: அப்படியானால் படிக்கும் இடத்தில் இரண்டு பைட்டையும் இடம் மாற்றும் ஸ்வாப்16 போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்வாப் எல்லா இயந்திரத்திலும் புரட்டும். எஸ்390 சரியாகி லேப்டாப் உடையும். லிட்டில் எண்டியன் மதிப்பை இயந்திரத்தின் வரிசைக்கு மாற்றும் எல்இ16_டு_சிபியு தேவையான இடத்தில் மட்டும் புரட்டும். அதைவிட முக்கியம், ஸ்ட்ரக்டில் அந்த ஃபீல்டின் டைப்பை யு16-இலிருந்து, லிட்டில் எண்டியன் என்று குறிக்கும் __எல்இ16 என்று மாற்றுவது. அப்புறம் மேக் கட்டளையில் சி=2 சேர்த்து, இந்த டைப் குழப்பங்களைக் கண்டுபிடிக்கும் ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவியை ஓட்டுங்கள். மாற்றாமல் விட்ட மற்ற வரிகளையும் அது காட்டிக்கொடுக்கும். தயவுசெய்து அந்த எச்சரிக்கைகளை, டைப் சோதனையைத் தவிர்க்கும் __ஃபோர்ஸ் போட்டு அடக்காதீர்கள். ஸ்பார்ஸ் வாயை மூடிக்கொள்ளும், பிழை அப்படியே இருக்கும்.

கேள்வி: கார்டின் ரெஜிஸ்டரில் எழுதும் ரைட்எல்-க்குக் கொடுக்கும் மதிப்பையும், லிட்டில் எண்டியனாக்கும் சிபியு_டு_எல்இ32 வழியாக அனுப்பினேன். பிக் எண்டியனில் ரெஜிஸ்டரெல்லாம் தப்பு.

பதில்: ரைட்எல் தானே லிட்டில் எண்டியனுக்கு மாற்றித்தான் எழுதும். நீங்கள் இரண்டாம் முறை புரட்டிவிட்டீர்கள். நினைவகத்தில் இருக்கும், கார்டு நேரடியாகப் படிக்கும் டிஎம்ஏ டிஸ்கிரிப்டருக்குத்தான் நீங்களே மாற்ற வேண்டும்.

கேள்வி: ஃபைல் சிஸ்டத்திலும் இதே வழிதானா?

பதில்: வழி இதேதான், ஆனால் ஆபத்து பல மடங்கு. மாற்றாமல் எழுதி, மாற்றாமல் படித்தால் அந்த இயந்திரத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். வட்டைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் தப்பான வரிசையில் எழுதிய வட்டுகள் பயனர்களிடம் போயிருக்கும்; பிழையைத் திருத்தினால் அவற்றைப் படிக்க முடியாது. ஆகவே பேட்சை (திருத்தத்தை) அனுப்புமுன் பழைய வட்டை எப்படி அடையாளம் காண்பது என்று முடிவுசெய்யுங்கள். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே வரிசை மாறும் என்பதையும் கவனியுங்கள்: எக்ஸ்ட்4 லிட்டில் எண்டியன், அதன் ஜர்னலான (மாற்றங்களை முதலில் பதியும் பதிவேடு) ஜேபிடி2 பிக் எண்டியன்.

கேள்வி: என்னிடம் பிக் எண்டியன் இயந்திரமே இல்லை.

பதில்: ஃபைல் சிஸ்டம், புரோட்டோகால் நிரல் என்றால் கியூஎமு என்ற போலி இயந்திர மென்பொருளில் எஸ்390எக்ஸ் ஓட்டிச் சோதியுங்கள். உங்கள் கார்டு அதில் இருக்காது என்பதால் டிரைவருக்கு ஸ்பார்ஸைத்தான் நம்ப வேண்டும். எதில் சோதித்தீர்கள், எதில் சோதிக்கவில்லை என்று பேட்ச் குறிப்பில் எழுதிவிடுங்கள்.