நாத்தான் கதையை எங்கே நிறுத்தினான்?

கிறிஸ்தவர்கள் கதை எழுதுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டைக்காரி, தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், சபைப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவள். தெரிந்ததற்குப் பதில் உண்டு.

கேள்வி: டீச்சர், ஜெபத்துக்கும் எழுத்துக்கும் நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? (நாசரேத், இல்லத்தரசி)

பிரிக்கிறேன் என்று யார் சொன்னது? விடிகாலை நாலரைக்கு முழங்காலிட்டால், முந்தின நாள் பாதியில் விட்ட கதாநாயகி பக்கத்தில் வந்து அவளும் முழங்காலிடுகிறாள். முன்பெல்லாம் விரட்டுவேன். இப்போது அவளுக்கும் சேர்த்து ஜெபித்துவிட்டு எழுந்துவிடுகிறேன். பால் வரும்வரை எழுத்து, பிறகு அடுப்பு. பிரசங்க நேரத்தில் தோன்றுவதெல்லாம் காணிக்கைக் கவரின் முதுகில் ஏறும். ஒருமுறை எழுதிய கவரையே பையில் போட்டுவிட்டேன். பணம் எண்ணியவர் மறுநாள் போன் செய்து, "டீச்சர், 'அவள் கிணற்றடிக்குப் போனது தண்ணீருக்காக அல்ல' என்று எழுதியிருக்கிறதே, வீட்டில் எல்லோரும் சுகம்தானே?" என்று கேட்டார்.

கேள்வி: என் கதையின் கடைசி அத்தியாயத்தில் குடிகாரக் கணவன், கோபக்கார மாமியார், வட்டிக்கடைக்காரர் மூவரும் மனந்திரும்பி இரட்சிக்கப்படுகிறார்கள். சரியா அக்கா? (தூத்துக்குடி)

ஒருவரையாவது விட்டுவையுங்கள் தங்கச்சி. வட்டிக்கடைக்காரரை விட்டுவிட்டால் கதைக்கு நல்லது.

கேள்வி: கதை என்பதே கற்பனை. கற்பனை என்றால் பொய். விசுவாசி பொய் எழுதலாமா? (சென்னை, கல்லூரி மாணவர்)

தம்பி, வேதாகமத்தில் இரண்டாம் சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போரில் சாகவிட்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போகிறான். குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஒரு பணக்காரன், ஒரு ஏழை, ஏழைக்கு ஒரே ஓர் ஆட்டுக்குட்டி என்று ஆரம்பிக்கிறான். அந்தக் குட்டி அவன் சாப்பாட்டில் சாப்பிட்டு, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்துக்கிடந்ததாம். வழக்குக்கு இதெல்லாம் தேவையா? பணக்காரன் அந்தக் குட்டியைப் பிடுங்கித் தன் விருந்தாளிக்குச் சமைத்தான் என்றால் போதாதா? போதாது. தாவீது ஆடு மேய்த்தவன். மடியில் படுத்த குட்டியின் சூடு அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் பிடித்தான் நாத்தான். ராஜா கொதித்தெழுந்து, அப்படிச் செய்தவன் சாக வேண்டும், ஒன்றுக்கு நாலாகத் திருப்பித் தர வேண்டும் என்று தன்மேலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். அப்படி ஓர் ஆடும் இல்லை, ஏழையும் இல்லை. இதைப் பொய் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

கேள்வி: புத்தகமாகப் போட எந்தப் பதிப்பகத்தை அணுகலாம்?

முதலில் பத்திரிகைக்கு ஒரு சிறுகதை அனுப்பிப் பாருங்கள். பணம் கட்டினால் போடுகிறோம் என்பவரிடம் கணக்குக் கேளுங்கள்.

கேள்வி: அம்மா, நாத்தானைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். "நீயே அந்த மனுஷன்" என்று சொல்லித்தானே அவன் முடித்தான்? போதனை இல்லாத கதையால் சபைக்கு என்ன பிரயோஜனம்? (சாத்தான்குளம் பக்கம், ஓய்வு பெற்ற உபதேசியார்)

ஐயா, நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். சொன்னான்தான். ஆனால் எப்போது? தாவீது தீர்ப்புச் சொன்ன பிறகு. நாம் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். கதாநாயகன் பீடியைப் பற்ற வைக்கும்போதே அவனுக்கு என்ன ஆகும் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, நாத்தானுக்கு இருந்தது ஒரே ஒரு கேட்பவன். அவன் செய்ததெல்லாம் நாத்தானுக்குத் தெரியும். என் கதையை வாசிக்கிறவர் யார், என்ன செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாதே. யாரைப் பார்த்து விரல் நீட்டுவேன்?

கேள்வி: மழுப்பாதீர்கள் அம்மா. ஆண்டவருடைய உவமைகளுக்கும் விளக்கம் உண்டு. (அதே ஐயா)

விதைக்கிறவன் உவமைக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதுவும் சீஷர்கள் கேட்ட பிறகு. கெட்டகுமாரன் உவமைக்கு எங்கே? சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்காக உள்ளே ஆட்டமும் பாட்டும், மூத்த மகன் கோபித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? அதை எழுதிவைத்த லூக்கா சொல்லவில்லை. யோனாவின் புத்தகமோ கேள்வியிலேயே முடிகிறது. லட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனுஷரும் அநேக மிருகங்களும் இருக்கும் நினிவே நகரத்துக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். யோனா பதில் சொன்னதாக ஒரு வரி இல்லை. கடைசியாக மிருகங்களைச் சொல்லி நிறுத்திய அந்தக் கை எழுத்தாளனுடைய கை.

கேள்வி: மரண வீட்டுக் காட்சியில் எந்த வசனம் பொருத்தமாக இருக்கும்?

எதுவும் வேண்டாம். அழுகிறவளை அழ விடுங்கள்.

கேள்வி: கதாபாத்திரங்கள் வேதாகமத் தமிழில் பேசலாமா? (மதுரை)

ஜெபத்தில் பேசலாம், அடுப்படியில் வேண்டாம். இதைவிட முக்கியம், யார் எந்தச் சபை என்று பார்ப்பது. கத்தோலிக்க வீட்டில் பூசைக்குப் போவார்கள், புராட்டஸ்டண்டான எங்கள் வீட்டில் ஆராதனைக்கு. கத்தோலிக்கர் நற்கருணை வாங்குவார்கள். எங்கள் பாட்டி திருவிருந்து எடுத்தாள். நானே இதில் விழுந்திருக்கிறேன். ஒரு கதையில் பெந்தெகொஸ்தே மணப்பெண் கழுத்தில் சிலுவை பதித்த தாலியைக் கட்டவைத்துவிட்டேன். எங்கள் வழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. பொட்டுத் தங்கம்கூடப் போடாத சபை அது. ஒன்பது கடிதங்கள் வந்தன. ஒன்றில் மட்டும் கதை நன்றாக இருந்தது என்றும் எழுதியிருந்தது.

கேள்வி: கிறிஸ்தவர் எழுதினால் கதாநாயகனும் கிறிஸ்தவனாகத்தான் இருக்க வேண்டுமா?

1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர், மாயவரத்தில் முன்சீப், அதாவது நீதிபதியாக இருந்தவர். அவருடைய கதாநாயகன் பெயர் பிரதாப முதலியார். மனிதர் தீர்த்துவைத்துவிட்டுப் போன வழக்கு இது.

கேள்வி: குழந்தை ஞானஸ்நானம் சரியா?

உங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம் கேளுங்கள்.

கேள்வி: புத்தகம் போட எந்தப் பதிப்பகம்?

மேலே பாருங்கள்.

கேள்வி: கணவன் மனைவி சண்டைக்கு நடுவில் மனைவி ஒரு வசனம் சொல்லி...

சொல்லவே கூடாது! சண்டைக்கு நடுவில் வசனம் சொன்ன மனைவியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

கேள்வி: யோனா ஒரு தீர்க்கதரிசி அம்மா, கதாசிரியர் அல்ல. நான் விடுவதாக இல்லை. (சாத்தான்குளம் ஐயா)

விடவேண்டாம் ஐயா. வருகிற சனிக்கிழமை எங்கள் சபை அசனம், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. பெண்கள் ஐக்கியத்தில் கத்தரிக்காய் வெட்டும் வேலை எனக்கு. பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன், வந்து சண்டை போடுங்கள். உங்களுக்கும் ஓர் அரிவாள்மணை எடுத்துவைக்கிறேன்.