"கூடை என்றாலே முகத்தைத் திருப்புகிறார்கள்"

கேள்வி: கந்தப்பளையில் ஒரு மரக்கறி சேகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் முதல் சாக்கு மூட்டை வேண்டாம், பிளாஸ்டிக் கூடைதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். மூட்டை தூக்கும் நாட்டாமைமாரும் லொறிக்காரர்களும் இணங்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கணக்குப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவருக்குக் கூடைக்கு எவ்வளவு என்று யாராவது சொன்னீர்களா? சாக்கைச் சுருட்டிச் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடலாம். வெறுங்கூடை அப்படியா? தம்புள்ளைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேறு சாமான் ஏற்றிச் சம்பாதித்த இடத்தை அது அடைத்துக்கொள்ளும். போகும்போதும் அதே லொறியில் கிலோ குறையும்.

2011 டிசம்பரில் மரக்கறியைக் கூடையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று நாடு முழுக்கச் சட்டம் வந்தபோது வியாபாரிகளும் விவசாயிகளும் வீதிக்கு இறங்கினார்கள். சட்டம் தளர வேண்டி வந்தது. நல்ல யோசனைதான், ஆனால் செலவு யார் தலையில் என்று பேசாமல் திகதியை மட்டும் குறித்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே முதலில் முதலாளியிடம் போங்கள். கூடைக்கான கூலி, வெறுங்கூடை திரும்பிவரும் வாடகை, தொலைந்தால் யார் பொறுப்பு, இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் நாட்டாமைமாரிடம் வாயைத் திறக்க வேண்டாம். வெறுமையாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கூடையாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், லொறிக்காரரின் பாதிக் கவலை தீரும்.

அப்புறம், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு லொறி, ஒரு மரக்கறி. நான் போஞ்சியைத்தான் சொல்வேன். இறுக்கிக் கட்டிய போஞ்சி மூட்டை இறங்கியதும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். காய் தன் சூட்டிலேயே வாடிக்கொண்டிருக்கிறது. அதே தோட்டத்துப் போஞ்சியைக் கூடையிலும் அனுப்பி, இரண்டிலும் கழிந்ததை எல்லோர் முன்னாலும் தராசில் வையுங்கள். மூத்த நாட்டாமை ஒருவரே நிறுக்கட்டும். நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட அவர் ஒரு தடவை சொன்னால் போதும். லீக்ஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அந்த நீளத்துக்குக் கூடை சரிவராது.

இன்னொன்று, விவசாயியை மறக்க வேண்டாம். கழிவு என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை நிறையில் வெட்டும் வழக்கம் உங்கள் நிலையத்திலும் இருந்தால், கூடையில் வரும் சரக்குக்கு அதைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். குறைத்தால், அடுத்த வாரம் தோட்டத்திலிருந்தே கூடை கேட்டு ஆள் வரும்.